மலைக்குப் போன அமாவாசை

தினசரிக் காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தவள், அடுப்பில் பால் வைத்திருந்ததையே மறந்து எதிர்வீட்டுக்கு ஓடினேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது என்று பிறகு சொன்னார்கள். வழியட்டுமே! சனிக்கிழமையும் அமாவாசையும் ஒரே நாளில் வந்திருந்தன.

தறிக்காரர்களான எங்களுக்கு ஞாயிறு, திங்கள் எல்லாம் ஒன்றுதான். அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்கு ஆரணியில் எங்கள் தெருவில் கைத்தறி, பவர்லூம் எல்லாமே நிற்கும். எதிர்வீட்டு டீச்சருக்கோ ஐந்து நாள் பள்ளிக்கூடம், ஞாயிறு சர்ச், மிச்சம் சனிக்கிழமை ஒன்றுதான். இரண்டு வருஷமாக நான் என் மாடியிலும் அவர் தன் மாடியிலும் துணி காயப்போட்டுக்கொண்டே, மழை விட்ட மறுநாள் மேற்கே நீலமாகத் தெரியும் மலையைப் பார்த்து, "ஒரு நாள் அங்க ஏறிப் பாத்துடணும்" என்று சொல்லிச் சொல்லி அலுத்திருந்தோம். அவருடைய நாளும் என்னுடைய நாளும் சேர்வதே அபூர்வம். சேர்ந்த ஒரு தடவையும் அவருக்குத் தேர்வுத்தாள் திருத்தும் வேலை வந்துவிட்டது. இப்போது அவருக்கு மாற்றல் ஆர்டர் வந்தாயிற்று. மாதக் கடைசியில் தர்மபுரிப் பக்கம் போகிறார். இந்தச் சனிக்கிழமையை விட்டால் அவ்வளவுதான்.

"டீச்சர்! சனிக்கிழமை அமாவாசை!" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

"நெஜமாவா அக்கா?" என்று இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிறுத்திவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். நடு ஹாலில் இரண்டு பேரும் குதித்தோம். எனக்கு நாற்பத்தாறு வயசு. சேவூரில் பிறந்து ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள். பஸ் ஏறினால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், நடப்பதற்காக நடக்கப் போகிறேன் என்று நினைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வரும்போதுதான் படையல் ஞாபகம் வந்தது.

என் மாமனார் போய் ஆறு வருஷம் ஆகிறது. அமாவாசைதோறும் மத்தியானம் அவருக்குப் படைத்து, மாடிச் சுவரின் மேல் இலையில் சோறு வைத்து, காக்காவைக் கூப்பிடுவது என் வேலை. காக்கா எடுத்த பிறகுதான் வீட்டில் சாப்பாடு. மற்ற நாளில் தறிச் சத்தத்துக்குப் பயந்து ஒரு காக்காவும் எங்கள் தெருப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அமாவாசையன்று தெரு அடங்கியதும் எங்கிருந்தோ வந்துவிடும். ஆனால் அதற்கு நான் கூப்பிட வேண்டும். எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு அமாவாசைக்கு என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். அவருக்கு வெண்கலக் குரல். வந்து உட்கார்ந்திருந்த காக்காவும் பயந்து பறந்துபோய்விட்டது. போர்வையைப் போர்த்திக்கொண்டு மாடியேறி நான்தான் கூப்பிட்டேன்.

அத்தையிடம், என் மாமியாரிடம், விஷயத்தைச் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"மலைக்கா? இன்னாத்துக்கு?"

"சும்மாதான் அத்தை. ஏறிப் பாக்க."

"சும்மா ஏறிப் பாக்கறதுக்கு ஒரு மலையா? உங்க மாமனாரும் இப்படித்தான். அமாவாசை ஆனா மாடியில குந்திகினு, மலை மலைன்னு பொலம்பிகினு இருப்பாரு. அடுத்த அமாவாசைக்குப் போலாம், அடுத்த அமாவாசைக்குப் போலாம்னு. போனாரா? கம்முனு தறியப் பாத்துகினு இருந்தாரு."

வழிந்த பாலைத் துடைக்க நான் அடுப்படிக்குப் போனேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அத்தையே சொன்னார்: "போய்ட்டு வா. வேணாம்னு சொல்லல. ஆனா ஒண்ணு. காக்கா எடுக்கலன்னா நான் சோத்துல கைவைக்க மாட்டேன். நான் பசியோட கெடந்தேன்னா, இதான் உனக்கு மொதலும் கடைசியும். அப்பறம் மலை, மண்ணுன்னு எங்கிட்ட வரக்கூடாது."

அத்தைக்குச் சர்க்கரை. மாத்திரை போட்டு அரைமணிக்குள் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். ஆகவே என் மலை, டீச்சரின் மலை, இனிமேல் நான் எங்கே போவேன் வருவேன் என்பது, எல்லாம் ஒரு காக்காவின் மூக்கில் வந்து நின்றது.

"இதுக்குப் போயா பேஜார் ஆவற?" என்றார் என் வீட்டுக்காரர். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தபடியே யோசனை சொன்னார். "சமையல் நான் பாத்துக்கறேன். படையலும் போட்டுடறேன். உன் குரல் ஒண்ணுதான வேணும்? அதப் போன்ல புடிச்சு வெச்சிகினா தீந்துச்சு. நேரத்துக்குப் போட்டு வுட்டா வருது காக்கா."

ஐயோ, என்ன மூளை! கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மனுஷரை அன்றைக்குப் போல எனக்கு எப்போதும் பிடித்ததில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் மாடியில் பதிவு செய்தோம். அவர் போனைப் பிடிக்க, நான் "கா... கா..." என்றேன். முதல் தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் தடவை அவருக்கு வந்தது. மூன்றாம் தடவை பின்வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. நான்காவதில் தெருவில் தண்ணி வண்டி வந்து, "இன்னாக்கா, காக்காவுக்கு டிரெயினிங்கா?" என்று டிரைவர் கேட்டது முழுக்கப் பதிவாகிவிட்டது. ஆறாவது தடவை கணீரென்று, ஒரு குறையும் இல்லாமல் அமைந்தது. அவர் அதை மூன்று முறை போட்டுக் கேட்டார். நானும் கேட்டேன். அத்தையும் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கீது" என்றார். அதற்கு மேல் என்ன வேண்டும்?

வெள்ளிக்கிழமை மூட்டை கட்டும் நாள். டீச்சர் போனில் நாலைந்து வீடியோ பார்த்து ஒரு பட்டியல் எழுதி வைத்திருந்தார். தொப்பி, தண்ணீர், எலுமிச்சை, உப்பு, சர்க்கரை, கடலை மிட்டாய், மாற்றுத்துணி, டார்ச், கயிறு, விசில். விசிலைப் பள்ளிக்கூடத்து விளையாட்டு சாரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"விசில் எதுக்கு?" என்றார் அத்தை.

"வழி தெரியாமத் தொலைஞ்சுட்டா ஊதணும் பாட்டிம்மா."

"தொலையறதுக்கு அம்மாந்தூரம் எதுக்குப் போவணும்? இங்க பஜார்லயே தொலையலாமே!"

டீச்சர் ஒரு ஊது ஊதிக் காட்டினார். தறியிலிருந்த என் வீட்டுக்காரர் திடுக்கிட்டதில் ஒரு இழை அறுந்துபோனது. அதை முடிந்துவிட்டு அவர் முறைத்த முறைப்பில் விசிலைப் பையின் அடியில் போட்டோம்.

மூட்டை கட்டுவது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நெய்து முடித்த பட்டுப் புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது எப்படிக் கட்டுவோமோ அப்படி. முதலில் பழைய வெள்ளை வேட்டித் துணி, அதன் மேல் பாலிதீன், அதன் மேல் செய்தித்தாள், மறுபடியும் துணி, கடைசியில் நாலு பக்கமும் நூல் போட்டு ஒரு முடிச்சு. வழியில் மழை வந்தாலும் சரி, வண்டியிலிருந்து விழுந்தாலும் சரி, உள்ளே ஒரு பொட்டு ஈரம் இறங்காது. வாழைப்பழத்தை அப்படிக் கட்டினேன். கடலை மிட்டாயை அப்படிக் கட்டினேன். எலுமிச்சம்பழத்தைக் கட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் என் கையைப் பிடித்தார்.

"அக்கா, இது எலுமிச்சம்பழமா, முகூர்த்தப் பட்டா?"

"கறை பட்டுடக் கூடாது டீச்சர்."

"எலுமிச்சம்பழத்துல கறை பட்டா யார் கேக்கப் போறாங்க?"

நியாயமான கேள்விதான். ஆனாலும் கையைக் கட்டிப்போட்டுக்கொண்டு உட்கார முடியவில்லை. அவர் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் விசிலையும் வெளியே எடுத்துக் கட்டிவிட்டேன்.

பை ஐந்து கிலோவைத் தாண்டக்கூடாது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்களாம். எடை போடுவதற்கா எங்கள் வீட்டில் பஞ்சம்? பட்டு நூலும் ஜரிகையும் எடை போட்டு வாங்கி, எடை போட்டுத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் நாங்கள். ஜரிகைத் தராசை நடுவீட்டில் வைத்து ஒவ்வொன்றாக வைத்தோம். எட்டு கிலோ நூற்று நாற்பது கிராம் வந்தது. டீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு ஆரம்பித்தது பாருங்கள் பஞ்சாயத்து. தைலம் போகட்டும் என்றார் அவர், கயிறு போகட்டும் என்றேன் நான். மாற்றுத்துணி வேண்டாம், ஆனால் துண்டு வேண்டும். ஸ்டூல் வேண்டாம். ஆமாம், மடக்கு ஸ்டூல் ஒன்று எடுத்து வைத்திருந்தேன், மலையில் உட்கார இடம் இருக்குமோ இருக்காதோ என்று. டீச்சர் சிரித்த சிரிப்பில் அவருக்கு விக்கல் எடுத்துவிட்டது. கடைசியில் முறுக்கு டப்பாவையும் எடுத்துவிட்டு, நாலு கிலோ தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் கொண்டுவந்து நிறுத்தினோம். பத்து கிராம் மிச்சம். அதற்கு நாலு ஏலக்காய் போட்டுக்கொண்டேன்.

ஷூவுக்கும் ஒரு ஒத்திகை நடந்தது. வேலூரில் ஹாஸ்டலில் இருக்கும் என் மகள் பள்ளிக்குப் போட்ட வெள்ளைக் கேன்வாஸ் ஷூ பரண்மேல் இருந்தது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டால் எனக்குக் கச்சிதம். வாழ்நாள் முழுக்க வெறுங்காலில் தறி மிதித்தவளுக்கு ஷூவுக்குள் கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. வீட்டுக்குள் ஷூ போட்டால் அத்தை கொன்றுவிடுவார் என்று மாடிக்குப் போய்ப் போட்டுக்கொண்டு, படிக்கட்டில் பத்துத் தடவை ஏறி இறங்கினேன். மகளுடைய சுடிதாரும் தொப்பியுமாக நான் தொப்பு தொப்பென்று இறங்கி வருவதை என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "யாரும்மா நீங்க? எந்த ஊரு?" என்றார்.

சனிக்கிழமை நாலு மணிக்கெல்லாம் எழுந்து புளியோதரை கிளறினேன். படைக்காத சோற்றை எப்படிக் கட்டிக்கொண்டு போவாய் என்று அத்தை கேட்டார். இங்கே காக்கா எடுத்தது என்று போன் வந்த பிறகுதான் அங்கே பொட்டலத்தைப் பிரிப்போம் என்று சத்தியம் செய்தேன். டீச்சரும், "நானும் அதுவரைக்கும் சாப்பிட மாட்டேன் பாட்டிம்மா" என்றார். அத்தை சமாதானமாகி, "வேர்க்கடல இன்னும் கொஞ்சம் போடு" என்றார். மாமனார் இருந்தபோது புளியோதரையில் வேர்க்கடலையை எல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டுத்தான் சோற்றைத் தொடுவார். "கொழந்தையாட்டம்" என்று அத்தை அதற்கு ஒவ்வொரு தடவையும் திட்டுவார். அந்தப் பழக்கத்தில் இன்றும் புளியோதரை என்றால் எங்கள் வீட்டில் கடலை இரண்டு பங்கு விழும்.

ஆறு மணி பஸ். அமாவாசை என்பதால் மலையடிவாரத்துப் படவேட்டுக்கு ஒரே கூட்டம், ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்கள். மஞ்சள் புடவைகளுக்கு நடுவில் வெள்ளை ஷூவும் தொப்பியுமாக நாங்கள் இருவரும் நின்றோம். ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "எலெக்சன் வேலைக்கா?" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார் டீச்சர். இறங்கும்வரை எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அம்மனை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு ஏறத் தொடங்கினோம். அந்த நாலரை மணி நேரத்தை எப்படிச் சொல்வது? மூச்சு வாங்கியது, கணுக்கால் கடித்தது, வேர்வை கண்ணில் இறங்கியது, ஆனால் எனக்குப் பாட வேண்டும் போலிருந்தது. பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை. அறுந்த இழை இல்லை, அடுப்பு இல்லை. காலை எடுத்து வைத்தால் உண்மையிலேயே இடம் மாறுகிறது! ஒவ்வொரு திருப்பத்திலும் நான் திரும்பிப் பார்த்து, "டீச்சர், எவ்ளோ மேல வந்துட்டோம் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவரும் சலிக்காமல் ஒவ்வொரு தடவையும் பார்த்தார்.

பன்னிரண்டரைக்கு ஒரு பாறையில் உட்கார்ந்தோம். உச்சிக்கு இன்னும் அரைமணி நடை இருந்தது. வயிறு கூச்சல் போட்டது. போன் எடுத்தால் ஒரே ஒரு புள்ளி சிக்னல். எடுத்த கையோடு அது அடித்தது.

"காக்கா வந்துச்சு," என்றார் என் வீட்டுக்காரர். குரலே சரியில்லை. "எதிர்ச் சுவத்துல வந்து குந்துச்சு. உன் குரலப் போட்டேன். அவ்ளோதான், அலறியடிச்சுகினு பறந்துபோச்சு. மறுபடியும் வந்துச்சு, மறுபடியும் போட்டேன், மறுபடியும் போச்சு. அம்மா மாத்திர போட்டுட்டாங்க. எலைகிட்ட குந்திகினு இருக்காங்க, கை நடுங்குது, சாப்புட மாட்டேன்றாங்க."

"ஏன் பறந்துச்சு? நல்லாத்தான பதிஞ்சோம்?"

"நீயே கேளு" என்று போட்டுக் காட்டினார்.

'கா... கா...' என்று என் குரல். அதற்குப் பின்னால், மலையின் அந்த அமைதியில், துல்லியமாக, டடக் டடக் டடக் டடக் என்று பக்கத்து வீட்டுப் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை அது எங்கள் ஒருவர் காதிலும் விழவில்லை. விழாது. எங்கள் தெருவில் தறிச் சத்தம் நின்றால்தான் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்ப்போம். அவரும் இன்றைக்குத் தெரு அடங்கிய பிறகுதான் அதைக் கேட்டிருக்கிறார்.

"காக்காவுக்கு இன்னிக்கு அமாவாசையே இல்லன்னு தோணிடுச்சு போல" என்றார்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். "சிரிக்காதீங்க டீச்சர்!" என்று அவர் மேல் பாய்ந்தேன். ஊர் சுற்ற வந்த மகராசி நான் இங்கே பாறைமேல் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே ஒரு கிழவி பசியோடு நடுங்கிக்கொண்டிருக்கிறார். போனைக் கீழே போட்டுவிட்டு அப்படியே இறங்கி ஓடலாமா என்றிருந்தது. ஓடினால் மட்டும்? சாயங்காலம் ஆகிவிடும்.

"ஸ்பீக்கர்ல போடுங்க! மாடிச் சுவத்துக்கு மேல தூக்கிப் புடிங்க!" என்று எழுந்து நின்றேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். "கா! கா! கா!" எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது. மேலே போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். "வந்துச்சா?" "இல்ல, நீ கத்து!" டீச்சரும் எழுந்து என் பக்கத்தில் நின்று, இரண்டு கையையும் வாயருகில் குவித்து, "கா! கா!" என்றார். வாழ்க்கையில் காக்காவைக் கூப்பிட்டதே இல்லை அவர். வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பது போலிருந்தது.

அப்போது தலைக்குமேல் சிறகுச் சத்தம் கேட்டது. எங்கள் தெருக் காக்கா இல்லை, கழுத்தும் கறுத்த பெரிய அண்டங்காக்கா. நேராக வந்து பாறையின் மறுமுனையில் உட்கார்ந்து, கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

"டீச்சர், சோறு! சோறு!"

பையைக் கவிழ்த்தோம். எல்லாப் பொட்டலமும் ஒரே மாதிரி! ஒன்றைப் பிரித்தால் எலுமிச்சம்பழம். இன்னொன்றைப் பிரித்தால் விசில். "இத எப்ப கட்டுனீங்க அக்கா?" என்று டீச்சர் அலறினார். மூன்றாவதுதான் புளியோதரை. என் முடிச்சு என் நகத்துக்கே அவிழவில்லை. பல்லால் கடித்து அறுத்து, துணி, செய்தித்தாள், பாலிதீன், துணி எல்லாவற்றையும் உரித்தெறிந்து, ஒரு இலையைப் பறித்து அதில் ஒரு பிடி வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். இவ்வளவு நேரமும் காக்கா அசையவில்லை. பிறகு இரண்டு தத்துத் தத்தி வந்து எடுத்தது.

"எடுத்துடுச்சு! எடுத்துடுச்சு!" என்று போனில் கத்தினேன்.

"இங்க ஒண்ணும் வரலியே?"

"இங்க! மலையில! நம்ம சோத்த எடுத்துடுச்சு!"

போன் கைமாறும் சத்தம். பிறகு அத்தையின் குரல், மெலிந்து வந்தது.

"மொதல்ல இன்னாத்த எடுத்துச்சு?"

நான் திரும்பிப் பார்த்தேன். சோற்றுப் பருக்கைகளை ஒதுக்கிவிட்டு அது மூக்கால் கிளறிக்கொண்டிருந்தது.

"வேர்க்கடல, அத்தை. வேர்க்கடலையத்தான் பொறுக்கிகினு இருக்குது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அவருதான்," என்றார் அத்தை. "அதான் இங்க எலையத் தொட வரல. மலை மலைன்னு உசுர வுட்டாரு, போய்ட்டாரு பாரு." மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இருக்கட்டும். நல்லா பாக்கட்டும். டேய், எனக்குச் சோத்தப் போடு, பசிக்குது."

பாறைமேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அழும்போதே சிரிப்பும் வந்தது. டீச்சர் தன் துப்பட்டாவால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, தன் மூக்கையும் துடைத்துக்கொண்டார். மிச்சமிருந்த புளியோதரையை மூன்று பேரும் சாப்பிட்டோம். கடலையை நாங்கள் தொடவில்லை.

ஒரு மணிக்கு மறுபடியும் ஏறத் தொடங்கினோம். உச்சிவரைக்கும் அவர் எங்களுக்கு முன்னால் மரத்துக்கு மரம் பறந்து போய்க்கொண்டிருந்தார்.